கறுப்புப் பந்து வரை: கோவை ஸ்நூக்கர் சாம்பியன் ஒருவரின் ஆட்டமும், அவருக்குப் பிறகு கிளப்பில் நடந்ததும்

இது கோயமுத்தூரில் ஒரு பழைய கிளப்பில் நடந்த விஷயம். அங்கே இளையோருக்குப் பயிற்சி கொடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியக் கூடாது என்பதால் பெயர்களையும், கிளப்பின் அடையாளத்தையும், சில வருடக் கணக்குகளையும் விட்டிருக்கிறேன். ஒரு நல்ல ஆட்டக்காரர் மறைந்த பிறகு அவருடைய ஆட்டத்தில் எது மிஞ்சுகிறது, எது தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று பார்க்க இது உதவும். திருப்பூரிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ ஒரு டேபிளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பின்னணி

ஸ்நூக்கர் இந்தப் பக்கத்துக்கு அந்நியமான ஆட்டம் இல்லை. 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிவைத்த விளையாட்டு, 1882-இல் உதகை கிளப்பில் விதிகளாக எழுதி மாட்டப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் அந்த இடம். எங்கள் கிளப்புக்கு டேபிள் வந்தது மில்கள் செழித்திருந்த காலத்தில். 12 அடிக்கு 6 அடி, துணிக்குக் கீழே ஐந்து கற்பலகை, ஒரு டன்னுக்கு மேல் எடை. அதைப் பார்த்துக்கொள்ளவும் ஸ்கோர் போடவும் ஒரு மார்க்கர் இருந்தார். சாம்பியன் அவருடைய அக்கா மகன்.

கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் பம்புசெட் உதிரிபாகம் கடைவதுதான் அவருக்குப் பகல் வேலை. சாயங்காலம் மாமனுக்கு ஒத்தாசையாகக் கிளப்புக்கு வருவார். மெம்பர்கள் போன பிறகு, துணியைப் பிரஷ் போட்டுவிட்டு ஒரு அரை மணி நேரம் தனியாக ஆடுவார். 1984-இல் ஓம் அகர்வால் டப்ளினில் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டம் வென்றபோது, பேப்பரை விரித்துக் காட்டி “நம்மாளு ஒருத்தன் செஞ்சிருக்கான் பாரு” என்று சொன்னது மாமன்தான். அதற்கப்புறம் அந்த அரை மணி நேரம் நடுராத்திரி வரை நீண்டது. கிளப் செயலாளர் ஒருவர் அதைக் கண்டும் காணாமல் விட்டார். அவர் விடாமலிருந்தால் இதில் எழுத எதுவுமே இருந்திருக்காது.

மாவட்டப் பட்டங்களை அவர் வரிசையாக எடுத்தார். பிறகு மாநில அளவிலும் கோப்பை வந்தது. தேசியப் போட்டிக்குப் போய் நல்ல பெயரோடு திரும்பினார். கொங்குப் பகுதியில் ஸ்நூக்கர் ஆடுபவர்கள் ஒரு தலைமுறைக்கு அவரை ‘அண்ணன்’ என்றே குறிப்பிட்டார்கள், பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கண்

நாற்பதுகளின் நடுவில் அவருடைய ஆட்டம் இறங்கியது. கை நடுங்கவில்லை, பார்வைதான் போனது. டேபிளின் அந்தக் கோடியில் இருக்கும் ரெட்டின் (சிவப்புப் பந்தின்) ஓரம் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. 52.5 மில்லிமீட்டர் பந்தின் விளிம்பில் நூலளவு எங்கே தொடுகிறோம் என்பதுதான் ஆட்டமே. அந்த விளிம்பு மங்கினால் அனுபவம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

கண்ணாடி போட்டார். அதில் ஒரு சிக்கல், இதை வயதான ஆட்டக்காரர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தாடையை க்யூ (ஆடும் கோல்) மேல் வைத்துக் குனியும்போது நாம் பார்ப்பது கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாக. சாதாரண ஃபிரேம் சரியாக அந்த இடத்தில் பார்வையை வெட்டிவிடும். 1985 உலகப் போட்டி இறுதியாட்டத்தில் கடைசிக் கறுப்பில் ஸ்டீவ் டேவிஸை 18–17 என்று வென்ற டென்னிஸ் டெய்லர், தலைகீழாக மாட்டியது போன்ற பெரிய கண்ணாடி போட்டிருந்தது இதற்காகத்தான். அண்ணனும் அதே மாதிரி ஒன்று செய்யச் சொல்லி நம்மூர்க் கடையில் வாங்கிப் பார்த்தார். ஓரளவு உதவியது. ஆனால் அதற்குள் போட்டிகளில் அவர் நம்பிக்கை தளர்ந்துவிட்டது. ஒரு சீசனோடு நிறுத்திக்கொண்டார்.

நிறுத்திய பிறகும் கிளப்புக்கு வந்துகொண்டிருந்தார். கேட்டால் ஆடிக் காட்டுவார், விளக்கிச் சொல்ல மாட்டார். “ஏங் கண்ணு அவசரம்? பந்து எங்கீயும் போவாது” என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து பாடமாக எதுவும் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. சில வருடங்களில் மாரடைப்பில் காலமானார்.

அவர் போன பிறகு கண்டது

கிளப் குழு முதலில் எடுத்த முடிவு, அவர் நினைவாக வருடா வருடம் ஒரு போட்டி. முதல் பரிசு கோப்பை. அதோடு ரொக்கமாக ஒரு சிறப்புப் பரிசு, போட்டியிலேயே பெரிய பிரேக் எடுப்பவருக்கு, அதாவது டேபிளுக்கு வந்த ஒரே வருகையில் தொடர்ந்து பந்துகளைப் பாக்கெட்டில் போட்டு அதிக பாயின்ட் எடுப்பவருக்கு. நல்லெண்ணத்தில் வைத்ததுதான். கூட்டம் வந்தது, ஸ்பான்சர் வந்தார்கள், முதல் இரண்டு முறை பேனர் கட்டுவதற்கு இடம் போதவில்லை.

ஆனால் கிளப்பிலிருந்து மாநிலப் போட்டிக்குப் போன பிள்ளைகள் ஆரம்பச் சுற்றிலேயே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பந்து விழாமல் இல்லை. தூர ரெட்டை அநாயாசமாகப் போடுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். தோற்ற விதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. 30 பாயின்ட் முன்னே இருப்பார்கள், மிச்ச ரெட்டுகள் குஷனோரம் (டேபிளின் ரப்பர் விளிம்போரம்) ஒட்டிக் கிடக்கும். சென்னை ஆட்டக்காரர் வெள்ளைப் பந்தைப் பால்க் குஷனில் (ஆட்டம் தொடங்கும் கோடியில், ரெட்டுகளுக்கு எட்டத்தில்) ஒட்டிவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். நம் பையன் அங்கிருந்து போட முயல்வான், போகாது. எதிராளிக்கு டேபிள் திறந்துவிடும்.

இதற்கு நான் இரண்டு காரணம் பார்க்கிறேன். ஒன்று, டிவியும் செல்போனும். கேபிள் வந்த காலத்தில் இவர்களுடைய அண்ணன்மார் பார்த்தது ஸ்டீபன் ஹெண்ட்ரி. 90-களில் ஏழு உலகப் பட்டம், நீலத்தைப் போட்டுக்கொண்டே ரெட் கூட்டத்தை உடைத்து, ஒரே வருகையில் ஃபிரேமை (ஒரு சுற்று ஆட்டத்தை) முடிக்கிற பாணி. இப்போது இவர்கள் பார்ப்பது 1997-இல் ரானி ஓ’சல்லிவன் ஐந்து நிமிடச் சொச்சத்தில் எடுத்த 147, ஒரே பிரேக்கில் வழக்கமாக எடுக்கக்கூடிய உச்ச பாயின்ட். அந்த வீடியோவில் சேஃப்டி ஷாட் (பந்து போடாமல் எதிராளிக்கு வாய்ப்பில்லாதபடி வெள்ளையை வைப்பது) ஒன்றுகூட இருக்காது, இருக்கவும் முடியாது.

இரண்டாவது காரணத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இந்தப் பிள்ளைகளில் பலர் ஆடக் கற்றது ஸ்நூக்கர் பார்லரில். அங்கே மணிக்கணக்கில் வாடகை, தோற்றவர் டேபிள் காசு கொடுக்க வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பையனுக்கு ஒவ்வொரு சேஃப்டி ஷாட்டும் சட்டைப்பையிலிருந்து போகிற காசு. நாலு முறை வெள்ளையைப் பால்க்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் கூட ஆடுபவனே “போடுடா, மணியாகுது” என்பான். பொறுமையாக ஆடத் தெரியாதவர்கள் என்று இவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. பொறுமையாக ஆடினால் தண்டம் கட்ட வேண்டிய இடத்தில் கற்றவர்கள் இவர்கள்.

இதே பிள்ளைகளைக் கேட்டால், அண்ணன் மாதிரி ஆடுவதாகத்தான் சொன்னார்கள். அவரைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதெல்லாம் அவர் போட்ட தூர ரெட்டுகள். கிளப்பில் வாய்வழியாக மிஞ்சியது அவ்வளவுதான்.

ஸ்கோர் நோட்டுகள்

மார்க்கர் மாமா ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்தார். கிளப்பின் பழைய டேபிள் கணக்கு நோட்டுகளைத் தூக்கிப் போடுவதற்கு முன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனபோதுதான் தெரிந்தது, அவர் கட்டணத்தை மட்டும் எழுதிவைக்கவில்லை. அக்கா மகன் ஆடிய முக்கியமான ஃபிரேம்களை எல்லாம் வருகை வருகையாகக் குறித்திருக்கிறார். போட்ட பந்துக்கு எண். ஃபவுலுக்கு எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பந்து எதுவும் போடாமல் பாதுகாப்பாக ஆடிவிட்டு வந்தால் ஒரு புள்ளி.

ஒரு பக்கத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒரு மாவட்டப் போட்டியின் கடைசி ஃபிரேம். ரெட் எல்லாம் முடிந்து, ஆறு கலர் பந்துகள் மட்டும் மிச்சம். அதாவது மஞ்சளுக்கு 2-இல் தொடங்கிக் கறுப்புக்கு 7 வரை, டேபிளில் 27 பாயின்ட். எதிராளி 60, அண்ணன் 32. எல்லாவற்றையும் போட்டாலும் 59-தான் வரும். பலரும் அந்த இடத்தில் கைகொடுத்துவிடுவார்கள். நோட்டில் அதற்கப்புறம் ஒரு வரி நிறையப் புள்ளிகள். மஞ்சளைக் குஷனில் ஒட்டிவிட்டு வெள்ளையைப் பழுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறார், எதிராளி தப்பிக்கிறார், மறுபடி பார்க்கிறார். கடைசியில் வட்டத்துக்குள் ஒரு 4. முதலில் தொட வேண்டிய மஞ்சளை எதிராளியால் தொட முடியவில்லை, அந்த ஃபவுலுக்கான பாயின்ட் அண்ணனுக்கு. 36–60. மஞ்சள் இன்னும் சரியாகப் போடுகிற இடத்தில் இல்லை. மறுபடி புள்ளிகள். இந்த முறை எதிராளி தப்பிக்கப் போய் நீலத்தில் முதலில் மோதிவிட்டார், வட்டத்துக்குள் 5. 41–60. அப்புறம்தான் எண்கள் வருகின்றன: 2, 3, 4, 5, 6. பிங்க் விழுந்தபோது 61–60. கறுப்பு மட்டும் மிச்சம், யார் போட்டாலும் அவருக்கே ஃபிரேம். அங்கும் அவர் உடனே போடப் போகவில்லை, இரண்டு பக்கமும் புள்ளிகள். பிறகு 7.

மற்ற நோட்டுகளிலும் இதுவே. அவர் பிரேக்குகள் பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் நின்றுவிடுகின்றன. சதம் அபூர்வம். அவர் வென்ற ஃபிரேம்களில் புள்ளிகள் அதிகம், தோற்றவற்றில் குறைவு. பெரிய பிரேக்குக்குப் பரிசு வைத்திருந்தது, தன் வாழ்நாளில் பெரிய பிரேக்கை நம்பியே ஆடாத ஒருவரின் பெயரில்.

எடுத்த முடிவுகள், ஏன்

நோட்டுகளைக் குழுவின் முன் வைத்தோம். காரசாரமாகப் பேச்சு நடந்தது. மூத்த மெம்பர் ஒருவர் சொன்னது நியாயமான கவலை: “சின்னப் பசங்க பந்து போடறதுக்குத்தானுங்க வர்றாங்க. தட்டித் தட்டி உட்டுட்டே இருன்னா ஓடிப் போயிருவாங்க.” கடைசியில் நான்கு மாற்றங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

காலையில் டேபிள் சும்மா கிடக்கும் நேரத்தில், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மீட்டர் ஓடாத ஒரு மணி நேரம். மணிக்கணக்கு இல்லையென்றால்தான் சேஃப்டி ஆடும் மனசு வரும் என்பது எங்கள் கணக்கு. அந்த நேரத்தில் ஆடுவது ஒரே விளையாட்டு: பந்தைப் பாக்கெட்டில் போடக் கூடாது. ரெட்டைத் தொட வேண்டும், வெள்ளையைப் பால்க் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும், எதிராளிக்குப் போடுகிற மாதிரி ரெட் தெரிந்தால் ஒரு பாயின்ட் போச்சு.

பெரிய பிரேக் பரிசை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில், போட்டியின் ஒவ்வொரு ஃபிரேமையும் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மார்க்கர் மாமாவின் முறைப்படி எழுத வேண்டும். ஒரு புள்ளி வைக்க வேண்டுமானால் அந்த ஷாட்டைக் கவனித்தே ஆக வேண்டும், செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான்காவது, டேபிள். பால்க் குஷனில் வெள்ளையை ஒட்டிவைக்க வேண்டுமென்றால் துணியின் வேகம் இன்றைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கம்பளித் துணிக்கு ஒரு பக்கமாகச் சாயும் மயிர் உண்டு, பால்க்கிலிருந்து கறுப்பு இருக்கும் பக்கமாக. பிரஷ்ஷும் இஸ்திரியும் அந்தத் திசையில் மட்டுமே போக வேண்டும். அண்ணன் இருந்தவரை அதை அவரே பார்த்துக்கொண்டார். அதன் பிறகு கிளீனிங் ஆட்கள் குறுக்கே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று அடிக்கும்போதும், ஐப்பசி மழையிலும் துணி கனத்துப் போகும், பந்து பாதியில் நிற்கும். பயிற்சிக்கு முன் இஸ்திரி போடுவதைக் கட்டாயமாக்கி, அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுத்தோம்.

என்ன ஆனது

மூத்த மெம்பர் சொன்னபடி சிலர் ஓடித்தான் போனார்கள். முதல் மழைக்காலம் முடிவதற்குள் காலை நேரத்துக்கு வருபவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அந்தப் பிள்ளைகள் மறுபடி பார்லரில்தான் ஆடுகிறார்கள், சந்தோஷமாக ஆடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நின்றவர்களிடம் மாற்றம் தெரிந்தது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண் பிள்ளை ஒருத்தி, தூர ரெட் போடுவதில் சுமார்தான். ஆனால் வெள்ளையை நிறுத்துவதில் அவளுக்கு ஒரு கை இருந்தது, அது பழைய முறையில் யார் கண்ணிலும் பட்டிருக்காது. மாநில ஜூனியர் போட்டியில் தன்னைவிட நன்றாகப் பந்து போடும் இருவரை வென்று காலிறுதி வரை போனாள். அவளே எழுதிக்கொண்டு வந்த தாளில் புள்ளிகள் வரிசையாக இருந்தன. மார்க்கர் மாமா அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “அம்மிணி, இந்த எடத்துல எதுக்கு போடப் போனே?” என்று ஒரே ஒரு எண்ணைத் தொட்டுக் கேட்டார். அந்த இடத்தில்தான் அவள் காலிறுதியைத் தோற்றிருந்தாள்.

ஒரு பையனுக்கு இது தீமையாகவே முடிந்தது. நன்றாகப் பந்து போடுபவன். சேஃப்டியைப் பிடித்துக்கொண்ட பிறகு, நேராகப் போட வேண்டிய ரெட்டைக்கூடப் போடாமல் தட்டிவிட ஆரம்பித்தான். ஃபிரேம் முக்கால் மணி நேரம் இழுத்தது, வாய்ப்பு வந்தபோது கை கூசியது. அவனை மறுபடி தைரியமாக ஆட வைக்கப் பல மாதம் பிடித்தது. இதைப் பற்றி மார்க்கர் மாமாவிடம் பேசியபோது அவர் சாதாரணமாகச் சொன்ன விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாதது. அண்ணன் தினமும் முதலில் ரெட்டுகளை நடுவே ஒரே வரிசையாக அடுக்கிவைத்து, அத்தனையையும் கலரோடு போட்டு எடுத்த பிறகுதான் சேஃப்டி பழகுவாராம். தனியாக ஆடியதால் அது நோட்டில் ஏறவில்லை. 20, 30 என்று வந்த அந்தச் சின்ன பிரேக்குகள் தவறாமல் வந்ததற்கு அந்த அடுக்குதான் காரணம்.

மாற்ற வேண்டியது

காலை நேரத்தை இப்போது இரண்டாகப் பிரித்திருக்கிறோம். முதல் பாதி அடுக்கிவைத்துப் போடுவது, இரண்டாம் பாதி போடாமல் ஆடுவது. முதலிலேயே இப்படி வைத்திருந்தால் அந்தப் பையன் அவ்வளவு அலைக்கழிந்திருக்க மாட்டான்.

ஆட்டக்காரர் இருக்கும்போதே அவரோடு உட்கார வேண்டும். பங்கஜ் அத்வானி 2003-இல் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டம் வென்றபோது, அவர் பின்னால் பெங்களூரில் அரவிந்த் சவூர் இருந்தார், தானே தேசிய சாம்பியனாக இருந்தவர். ஒரு சாம்பியனின் ஆட்டம் பக்கத்திலிருந்தே அடுத்தவருக்குப் போனது. எங்கள் அண்ணன் பேசாத மனிதர், உண்மை. ஆனால் அந்த நோட்டில் ஒரு பக்கத்தை அவர் முன்னால் விரித்து “இந்தப் புள்ளியில என்னங்ணா யோசிச்சீங்க?” என்று யாராவது கேட்டிருந்தால் பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன். இப்போது ஆடிக்கொண்டிருக்கும் மூத்தவர்கள் இருவரிடம் அதைத் தொடங்கியிருக்கிறோம். அவர்கள் ஃபிரேமைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள், மறுநாள் அதே தாளை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள், செல்போனில் ரெக்கார்ட் செய்கிறோம்.

பழைய நோட்டுகளில் சிலவற்றைக் கரையான் தின்றுவிட்டது. மீதியை ஸ்கேன் செய்தாகிவிட்டது.

பார்லர்களை விட்டுவிட்டு இது முழுமையாகாது, பிள்ளைகள் பெரும்பாலும் இருப்பது அங்கேதான். வார நாட்களில் பகல் நேரத்தில் மட்டும் மணிக் கணக்கை விட்டு ஃபிரேம் கணக்கில் வாடகை வாங்கச் சொல்லிச் சிலரிடம் கேட்டோம். பெரும்பாலானோர் கட்டுப்படியாகாது என்றார்கள். ஈரோட்டில் ஒருவர் மட்டும் தீபாவளி கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு டேபிளில் செய்து பார்க்கிறேன் என்றிருக்கிறார், ஃபிரேம் எழுதும் தாளையும் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.